விசிறி நின்ற மதியம்

அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள்.

கோவில்பட்டியில், மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு விசிறியை நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா என்ன? வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் அவரும் சம்மதிக்க வேண்டும்.

மாமனார் சம்மதித்திருந்தார். சட்டையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா, இரண்டரைக்குப் பிறகுதான் தண்ணீர் மோட்டார் போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரிகூட மேஜைமேல் கிடந்தது.

எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்காக.

மூடிப்போன ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சும்மா தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். பெரிய ஃப்ளாப்பி இரண்டு போடுகிற பெட்டி. அது கண்விழிக்கும்போது முதலில் ஓர் உறுமல் வரும். பிறகு தொண்டையைக் கனைக்கும். பிறகு ஃப்ளாப்பியைத் தேடித் தேடி உரசும்.

அந்த மாதிரிச் சத்தங்களை வைத்துத்தான் அவள் இசை செய்வாள். லோ-ஃபை என்று பேர். மெதுவான தாளம், கொஞ்சம் கரகரப்பு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை ஜதி போட வைத்திருக்கிறாள். மோடத்தின் கூச்சலை இழுத்து நீட்டி வயலினாக்கியிருக்கிறாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே படிக்கிறார்கள், தூங்குகிறார்கள்.

மாமனார் மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "ஸ்டேஷன் கெடைக்காத ரேடியோ" என்பார், அதோடு சரி.

முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். இந்தத் தெருவில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். போதாததற்கு இருமல் வேறு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வீடே அதிரும்.

மெக்கானிக் சர்புதீன் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். உள்ளே எல்லாம் உப்பிக் கிடக்கிறது, இன்னும் ஒரு தடவை ஓடும், அப்புறம் புகைதான் என்றார். மாற்றுவதற்குச் சாமானும் கிடைக்காதாம்.

ஒரே ஒரு தடவை.

ஹெட்ஃபோனை மாட்டினாள். கழுத்தில் தொங்கிய ரெக்கார்டரின் பட்டனை அழுத்தினாள். சிவப்பு விளக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டாள்.

உறுமியது.

அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே உறுமியது. கனைத்தது. உரசத் தொடங்கியது. ஓரிடத்தில் இரண்டு தட்டுத் தட்டி, எதையோ யோசிப்பது போல நின்று, மூன்றாவது தட்டைத் தட்டியது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

நாலு நிமிடம். வேறு ஒரு சத்தமும் இல்லை.

பிறகு பட்டென்று ஒன்று. லேசாகத் தீய்ந்த வாசனை. அடங்கிவிட்டது.

கண்ணைத் திறந்தாள்.

சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

மினுக்கினால் ரெக்கார்டர் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு தடவை அழுத்தினால்தான் விளக்கு நிலைத்து நிற்கும், பதிவாகும். ஹெட்ஃபோனில் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

அவள் ஒரு தடவைதான் அழுத்தியிருந்தாள்.

தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. எத்தனை வருடமாகச் செய்கிற வேலை. இன்றைக்குப் பார்த்தா கை மறக்க வேண்டும்?

அப்போதுதான் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தாள். வாசல் கதவு திறந்திருந்தது.

தெருக்கோடியில் யாரோ குடலே வெளியே வந்துவிடும் போல இருமினார்கள்.

வாசலில் மாமனாரின் செருப்பு கிடந்தது. போட்டு நடந்தால் சரட் சரட் என்று ஊரைக் கூட்டுகிற செருப்பு. அதனால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். கழுத்தில் ரெக்கார்டர் ஆடியது.

சிமெண்ட் ரோடு தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. மின்கம்பத்தின் ஒல்லி நிழலில், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

குனிந்து செருப்பை அவர் காலடியில் வைத்தாள். கல்யாணமாகி வந்த ஆறு வருடத்தில் அவளுக்கு யார்மேலும் இவ்வளவு நன்றி பொங்கியதில்லை.

"கெடச்சிருச்சா தாயி?"

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். ரோட்டில் வெந்த அந்தக் காலைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"இல்ல மாமா. பட்டன ஒரு தடவதான் அமுக்கியிருக்கேன். பதிவாகல. பெட்டியும் போயிருச்சு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். திட்டினால்கூடத் தேவலை என்று நின்றாள்.

அவர் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டார். பல்லைக் கடித்தார்.

உறுமினார்.

மெல்லிய, உள்ளடங்கிய உறுமல். அதன்மேல் ஒரு கனைப்பு. பிறகு நாக்கை மடக்கி உரசல், அதே வேகம், அதே இடைவெளி. இரண்டு தட்டு. யோசனை. மூன்றாவது தட்டு.

அவள் அசையாமல் நின்றாள். கேட்டிருக்கிறார். ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்.

சட்டென்று நிறுத்தினார்.

"இம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். அப்பறம் இருமல் வந்துருச்சு, வெளிய வந்துட்டேன். மிச்சத்த நீதான் போடணும்."

அவள் ரெக்கார்டரைக் கையில் எடுத்தாள். பட்டனை ஒரு தடவை அழுத்தினாள். இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

"மொதல்லருந்து மாமா," என்றாள்.