எட்டாம் எண்ணின் ஐந்தாவது தவறு

விசில் ஊதியது அவள் இல்லை.

கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே நின்ற நடுவர் அவள். அவளுக்கே ஒன்றும் தெரியவில்லை. நடுவில் பீரோ மாதிரி ஒரு முதுகு. அதற்கு அந்தப் பக்கம் சப்பென்று ஒரு சத்தம், பந்தோடு எம்பிய பெண் தரையில் விழுந்தாள், அவ்வளவுதான்.

ஊதியது நடுக்கோட்டருகே நின்ற இன்னொரு நடுவர். அவருக்கும் வளையத்துக்கும் இடையே ஏழெட்டு முதுகுகள்.

ஊதியதோடு விட்டாரா மனுஷன்? விறுவிறுவென்று வந்து, தடுத்து நின்ற எட்டாம் எண் பெண்ணைப் பார்த்து விரலை நீட்டினார்.

அவளுக்கு அது ஐந்தாவது தவறு. ஐந்து ஆனால் வெளியே போக வேண்டியதுதான். பெரிய அணிக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் தொடவே இல்ல சார்!"

யார் காதில் விழுகிறது!

கர்மம், கர்மம். இவரோடு என்னைப் போடாதீர்கள் என்று சங்கத்தில் எத்தனை தடவை சொல்லியாயிற்று! ஆள் இல்லை, அனுசரித்துப் போங்கள் என்பார்கள். அனுசரித்து அனுசரித்தே அவளுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

சத்தம் கேட்டால் ஊதுவார். யாராவது விழுந்தால் ஊதுவார். ஏற்கெனவே நாலு தவறு செய்தவள் பக்கத்தில் நின்றுவிட்டால் கேள்வியே கிடையாது, அவள்தான். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவரோ அதைத் தன் கண்பார்வை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று தலைமை நடுவர் அவள். பந்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு கையிலும் பந்து.

"கை பட்டத நீங்க பார்த்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "பார்க்கணுமா என்ன, மேடம்? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே."

அவள் பந்தை இடுப்போடு இடுக்கிக்கொண்டாள்.

பிறகு ஸ்கோர் எழுதும் மேசைப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாள். தவறு ரத்து. எட்டாம் எண் நம்ப முடியாமல் நின்றுவிட்டு, தன் இடத்துக்கு ஓடினாள்.

"என் விசில ரத்து பண்ண நீ யாரு?" என்று பின்னால் பொருமினார். மேடம் போய் 'நீ' வந்துவிட்டிருந்தது.

மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சில வருஷங்களுக்கு முன்பு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இருவரும் குடியிருந்த வீட்டை விட்டுப் போனார். அன்று அவர் கேட்டது, அடுத்த அறையில் அவள் போனில் சிரித்த சத்தம் மட்டும்தான்.

மறுமுனையில் இருந்தது அவளுடைய அண்ணன். ரத்து செய்ய அன்று வீட்டில் யாரும் இல்லை.