டால்பின் பார்க்கும் படகு

தீவின் உச்சிப் பாறையில் தனியாக நின்றிருந்த சுற்றுலாப் பயணியை டீக்கடைக்காரர் விடுவதாக இல்லை.

"நாளைக்குக் காலையில டால்பின் பார்க்கப் போறோம் சார். படகுல ஒரே ஒரு இடம் இருக்கு. உங்க பேரை எழுதிக்கவா?"

"வேணாங்க. என்னைத் தனியா விடுங்க."

"ஆறு மணிக்கு நானே விடுதிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

கால் மணி நேரம் பொறுத்த பயணி, "சரி, வரேன். ஆளை விடுங்க!" என்று எரிச்சலோடு படியிறங்கிப் போனார்.

கடையிலிருந்த மனைவி சீறினாள். "நம்மகிட்ட ஓட்டைப் படகுகூடக் கிடையாது. அந்த மனுஷனை ஏங்க இப்படி நச்சரிச்சீங்க?"

டீக்கடைக்காரர் பயணி இறங்கிப் போன படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு, போன், பர்ஸ் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுப் பாறை விளிம்புல நின்னாரு. எனக்கு வேற என்ன பேசுறதுன்னு தெரியல."

அவள் அடுப்பை அணைத்தாள். "எங்கண்ணன்கிட்ட படகு கேட்டுட்டு வரேன். நீங்க போய் அவர் பக்கத்துலயே இருங்க."

மறுநாள் காலை அண்ணனின் படகில் கணவனும் மனைவியும் பயணியும் கடலில் இரண்டு மணி நேரம் சுற்றினார்கள். ஒரு டால்பின்கூட வரவில்லை.

கரை நெருங்கியபோதுதான் பயணி அன்று முதன்முதலாக வாய்திறந்தார்.

"நாளைக்கு வருமாங்க?"