ஏழாம் அதிகாரம்

எப்சிபாய் கேட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியா என்ன சொன்னாவ, அண்ணாச்சி?”

வெளியே பந்தலுக்குள் ஆசீர் கறுப்புப் பெயிண்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் வெள்ளைச் சிலுவை. வேதமாணிக்கம் உபதேசியார் என்று எழுதியாகிவிட்டது. பிறந்த தேதி, இறந்த தேதி எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு சாண் இடம் சும்மா கிடந்தது.

நாலு மணிக்கு அடக்கம். இப்போது மூன்று தாண்டிவிட்டது.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். போகிறவர் கடைசியாகச் சொன்ன வேத வசனத்தைச் சிலுவையில் எழுத வேண்டும். பாம்பு கடித்துச் செத்தவர் சிலுவையிலும் வசனம்தான் இருக்கிறது. பனையிலிருந்து விழுந்தவர், விழுந்துகொண்டே ஒரு வசனம் முழுக்கச் சொல்லி முடித்திருக்கிறார்.

உயரமான பனை.

வசனம் இல்லாத சிலுவை ஒன்றே ஒன்று உண்டு. மேற்கு மூலையில். அதற்கு யாரும் பூ வைப்பதில்லை.

காலையில் எப்சிபாய் கஞ்சி வைக்க அடுக்களைக்குப் போன நேரத்தில்தான் அவள் புருஷன் வேதமாணிக்கம் போனார். பக்கத்தில் இருந்தது நான் ஒருவன்.

ஊரிலேயே பெரிய பொய்யன்.

அது நானாகச் சொல்வதல்ல, வேதமாணிக்கம் சொன்னது. மணப்பாட்டுக் கடலில் ஒரு மீன் என்னை விழுங்கி, வெற்றிலை வாசம் ஒத்துக்கொள்ளாமல் அரை நாளில் துப்பிவிட்டது. இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும், “இருப்பிடம் சொல்லுலே” என்றார்.

அது அவருடைய சட்டம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வசனம் சொன்னால் போதாது. பைபிளில் எந்த ஆகமம், எத்தனையாம் அதிகாரம், எத்தனையாம் வசனம் என்று இருப்பிடமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பூஜ்யம். நாற்பத்தேழு வருஷம் அப்படி. சொந்த மகளுக்கே பூஜ்யம் போட்டார். வீட்டுக்கு வந்து அவரே அவளுக்குத் தலை பின்னிவிட்டார்.

எப்சிபாய்க்குக் கை முறிந்த வருஷம், அவள் சேலைகளைத் தெருக்குழாயில் வைத்துத் துவைத்தார். ஊர் சிரித்தது. “என் சேலையா இருந்தா வெக்கப்படுவேன்” என்று பிழிந்து உதறினார்.

மகள் மஸ்கட்டுக்குப் போன பிறகு, குடும்ப ஜெபத்தில் ஒரு நாற்காலியில் போனை நிமிர்த்தி வைப்பார். அவள் ஆமென் சொல்லாமல் இவர் கண் திறப்பதில்லை. ஒருநாள் லைன் அறுந்து, இரண்டு மணி நேரம் கண்ணை மூடியபடியே இருந்தார்.

இதில் ஒரு மணி நேரம் நான் சேர்த்தது.

வருஷக் கடைசி வகுப்பில் ஒரு கேள்வி கேட்பார். சாவுக்குப் பயப்படுகிறவர் யார், கையைத் தூக்குங்கள். ஒரு பிள்ளையும் தூக்காது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அந்தப் பிள்ளைகள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது.

காலையில் அவர் சொன்னது இவ்வளவுதான்.

“பயமா இருக்குலே.”

நான் ஒரு வசனத்தைத் தொடங்கிப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கொஞ்சம் கழித்து, “அவகிட்ட சொல்லிராத.”

அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

“அண்ணாச்சி?”

தொண்டையைச் செருமினேன். மீன் கதைக்குக்கூட நான் செருமியதில்லை.

பயப்படாதே என்று தொடங்குகிற வசனம் ஒன்றைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நடுவில் அவர் இழுப்பதுபோல் ஒரு மூச்சும் இழுத்தேன்.

அவள் கண்ணை எடுக்கவில்லை.

“இருப்பிடமும் சொல்லிருப்பாவளே.”

சொல்லாமல் இருப்பாரா?

ஓர் ஆகமத்தின் பெயரைச் சொன்னேன். ஏழாம் அதிகாரம், பதினோராம் வசனம் என்றேன். வாயில் வந்தது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ஆகமத்துக்கு மொத்தமே நாலு அதிகாரம்.

எப்சிபாய் நாற்பது வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தியவள்.

எழுந்து பந்தலுக்குப் போனாள். ஒவ்வொரு சொல்லாக ஆசீருக்குச் சொல்வது கேட்டது. அதிகாரம் வந்ததும் ஒரு சலசலப்பு. போதகர் குரலைத் தாழ்த்தி, “அம்மா, அதுல நாலு அதிகாரம்தான இருக்கு” என்றார்.

“அவிய சொன்னாவ. நீ எழுது ஆசீர்.”

நரைத்த பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தவள் பெட்டியிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள். என் வலது கையை எடுத்துப் புரட்டினாள்.

மணிக்கட்டின் உள்பக்கம் அவருடைய நாலு நகத் தடங்கள். ஒன்றில் இரத்தம் காய்ந்திருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ரொம்ப நேரமா?”

“இல்ல தங்கச்சி. ஒரு நிமிஷம்.”

அவள் என் சட்டைக் கையை இழுத்து இறக்கினாள். பித்தானைப் போட்டாள். ஒரு தடவை நழுவியது. மறுபடியும் போட்டாள்.

பெட்டி தூக்க ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.