ஒழுகாத பம்பு

“ஒரு சொட்டு ஒழுகினாலும் எனக்கு வேணாம் பாய்.”

வேலூர்க் கடையில் காசிநாதன் மூன்றாவது பம்பையும் முதுகில் மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தார். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற செம்புப் பம்பு அது. உள்ளே தண்ணீர் தளும்பியது.

கடைக்காரர் வாஹித் பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. “தூக்கப் போறது கூலியாளு. நீங்க எதுக்கு சட்டைய நனைச்சிக்கிறீங்க? ஆளு தாட்டியா, ஒல்லியா சொல்லுங்க. வாரை அதுக்குத் தக்கன இறுக்கித் தர்றேன்.”

“என் வாகுதான். என் தோளுக்கே அளவு வெச்சிடுங்க.”

பாஷா ஆம்பூர்த் தோல் வாரை இழுத்து மாட்டினார். “உங்ககிட்ட வேலை செய்றவன் குடுத்து வெச்சவன்.”

காசிநாதனுக்குச் சுருக்கென்றது.

போன மாதம் அவருடைய எலுமிச்சைத் தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்த கூலியாள் ஆதிகேசவன் வந்து நின்றான். “பம்பு ஒழுகுதுங்க, முதுகு எரியுது” என்றான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. “இந்த வரிசைய முடிச்சிட்டுப் போடா” என்று சொல்லிவிட்டார் இவர்.

அவனும் முடித்தான். மருந்திலிருந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் அவன் முதுகுத் தோலை உரித்துவிட்டன. அதன்பின் அவன் வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்க்க இவருக்கும் முகமில்லை.

தன் ஊரான அணைக்கட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, பம்போடு நேரே ஆதிகேசவன் வீட்டுக்கு நடந்தார்.

பம்பைப் பார்த்ததும் அவன் மனைவி செண்பகம் வாசலை மறித்துக்கொண்டாள். “புண்ணு இன்னும் ஆறல. எங்க கொல்லையில தக்காளி இலையெல்லாம் கருகுது, அதுக்கே மருந்தடிக்க முடியாம மனுசன் படுத்துக் கெடக்குது. உங்க தோப்புக்குக் கூப்புட வந்துட்டீங்களா?”

காசிநாதன் பம்பை வாசலில் இறக்கிவைத்தார்.

உள்ளே குப்புறப் படுத்திருந்த ஆதிகேசவன் மெல்லத் தலையைத் தூக்கினான். “புதுசே வாங்கினாலும் இனிமே என்னால தூக்க முடியாதுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க.”

காசிநாதன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். பம்பைத் தூக்கி, வாருக்குள் இரண்டு கைகளையும் நுழைத்தார்.

“ஆளப் பாத்துட்டேன்டா. உன் கொல்லைக்கு மருந்தடிக்கப் போறது நான்தான்.”