ரயில் கடைசியாக நின்ற நாள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சோள வயல்களுக்கு நடுவே, ரயில்பாதை போட வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் டெல்மா. முந்நூறு பேர் இருந்த இடத்தில் இப்போது பத்தொன்பது பேர். ஸ்டேஷனை எப்போதோ இடித்துவிட்டார்கள். சரக்கு ரயில்கள் நிற்காமல் போகின்றன. சாயங்கால வெயில் தண்டவாளத்தில் பளபளக்கிறது. கேட் இல்லாத கிராசிங்கில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எதிர்வீட்டு டெஸ்கி இறங்கி வருகிறார். "யாரைத் தேடுறீங்க?" "என் பேரு ரேமண்ட். அன்னிக்கு அந்த வண்டியை ஓட்டினவன்." பல வருடங்களுக்கு முன் டெஸ்கியின் மனைவி ஆர்லீன், இந்தத் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்ட காரோடு ரயில் மோதி இறந்தார். இந்த ஊரில் ரயில் கடைசியாக நின்றது அன்றுதான். காற்றில் சோளத்தட்டைகள் உரசுகின்றன. "பிரேக்கை முழுசாப் போட்டேங்க. கடைசில அவங்க கையை ஆட்டினாங்க. நிறுத்தச் சொன்னாங்களா, வேற ஏதாவதான்னு இன்னிக்கு வரைக்கும் புரியல." "அவ எல்லா வண்டிக்கும் கையாட்டி டாட்டா காட்டுவா," என்கிறார் டெஸ்கி. தொலைவில் ஹாரன் ஒலிக்கிறது. தரை அதிர்கிறது. ரேமண்டின் வலது கை தானாக நீண்டு, பிரேக்கைப் போடுவதுபோல் வெறுங்காற்றைப் பிடித்து இழுக்கிறது. டெஸ்கி அந்தக் கையைப் பற்றிக்கொள்கிறார். கடைசிப் பெட்டி கடந்த பின்னும் விடவில்லை.