ஏரிக்கரைக்கு வண்டி

ஆம்புலன்ஸ் அழைக்கும் செயலியின் புதிய பதிப்பைத் தொடங்கிவைக்க, இயக்குநர் பட்டு வேட்டியில் வந்து குத்துவிளக்கின் முன் நின்றார். மென்பொருள் இருட்டில் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை. பழைய பதிப்பு தேறிய சோதனைகளைப் புதியதிலும் கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் செங்கமலம் கையைத் தூக்கினாள்.

"சார், ஒண்ணு ஃபெயில். பழைய பதிப்புல டோர் நம்பர் போடாமலே வண்டி கிளம்புச்சு. இப்ப கிளம்பல."

"டோர் நம்பர் இல்லாம எவன்மா குடியிருக்கான்?"

"நாங்க இருக்கோம் சார். ஏரிக்கரைல நாப்பது வீடு. எங்கம்மாவுக்கு அடிக்கடி நெஞ்சுவலி வேற வருது."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். இயக்குநர் 'உலகத் தரம்' என்று தொடங்கும் உரையை நாலாக மடித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, பட்டு கசங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விளக்கு எங்கயும் ஓடிடாது. சரிபண்ணிட்டு எல்லாத்தையும் திரும்ப ஓட்டு. முதல்ல ஏரிக்கரைக்கு வண்டி வருதான்னு பாரும்மா."