சீலைக்குக் கீழே தெரிந்த செருப்பு

ஜவுபர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. பச்சை வார் வைத்த மக்காச் செருப்பு. கல்முனையில் அது பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் ஒருவரின் காலில்தான் உண்டு.

நோன்பு மாதம், பட்டப்பகல். ஸைனுலாப்தீன் காக்காவின் தேத்தண்ணிக் கடை வாசலில் வழக்கம்போல் திரையாகச் சீலை கட்டியிருந்தது. உள்ளே யார் தின்கிறார், குடிக்கிறார் என்று தெருவுக்குத் தெரியாது. கால்கள் மட்டும் தெரியும்.

ஜவுபருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கடை நிற்பது பள்ளிக் காணியில். அதை இடித்து மாடிக்கடை கட்ட ஜப்பான் ரேடியோ விற்கும் முதலாளி ஒருவர் கேட்டிருந்தார். ஊரே கொதித்தது. வயலுக்கு ஆள் பிடிப்பது, வலைக்கு ஆள் சேர்ப்பது, கலியாணம் பேசுவது, பேசிய கலியாணத்தைக் குழப்புவது எல்லாம் அந்தக் கடையின் நாலு வாங்குப் பலகையில்தானே! கடையை இடிக்கக் கூடாதென்று ஜவுபர் வீடு வீடாக ஏறி ஆள் சேர்த்தான்.

ஹாஜியார் மட்டும் மசியவில்லை.

"நோம்பு நாளையில சீலையக் கட்டிக்கிட்டு யாவாரம் செய்யிற கடை பள்ளிக் காணியில எதுக்கு? இடிக்கட்டும்!"

இன்று நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அவர் முடிவு சொல்வதாக இருந்தது. கடையைப் பழித்த மனிதர் இப்போது சீலைக்குள்ளே!

ஜவுபர் பள்ளிவாசலுக்கு ஓடினான். நிர்வாகத்து மரைக்கார்மார் கூடியிருந்தார்கள்.

"தலைவரத் தேடுறீங்களா? நான் காட்டுறன், வாங்க."

"தொழுகைக்கு நேரமாகுது மனே, என்ன விசயம்?" என்றார் அச்சிமுகம்மது மரைக்கார்.

"வந்து உங்கட கண்ணால பாருங்க!"

கடை வாசலுக்கு வந்ததும் ஜவுபர் ஒரே இழுப்பாகச் சீலையைத் தூக்கிப் பிடித்தான்.

ஹாஜியார் அடுப்படியில் நின்றார். சால்வை இடுப்பில். தொப்பி வியர்வையில் ஊறியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன ஹாஜியார் இது?" என்றார் மரைக்கார்.

வாங்கிலிருந்த மீனவர் பாக்கியராசாதான் பதில் சொன்னார். "காணி அளக்கத்தான் ஹாஜியார் வந்தாரு. ஸைனுலாப்தீன் காக்கா காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டு நிண்டதக் கண்டு, அவர வீட்ட அனுப்பிப்போட்டு, கரைவலை இழுத்துக் களைச்சு வந்த எங்களுக்கு இவ்வளவு நேரமும் ஊத்தித் தாறாரு. தான் ஒரு சொட்டும் தொடல்ல."



"ஓம் மரைக்கார்," என்றார் ஹாஜியார். "வெறும் வயித்தோட வேலை செஞ்சவன் ஒதுங்கிற இடம் இது. இண்டைக்குத்தான் கண்டன். இத இடிக்க நான் விடமாட்டன்."

வென்றது ஜவுபரின் கட்சிதான். ஆனால் சந்தோசப்பட அவனுக்கு முகமில்லை. சீலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். நோன்பாளிகள் இத்தனை பேர் பார்க்க, வாங்கிலிருந்தவர்கள் கடித்த பணிஸ் ரொட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார்கள்.

ஹாஜியார் சத்தம் போட்டார்:

"முதல்ல சீலைய விடு மனே! நானும் உன்னப்போலதான் நினைச்சன். கள்ளத்தனத்த மறைக்கக் கட்டினதில்ல அது. நோம்புக்காரன் பார்க்கிறானே எண்டு, பசிச்சவன் கூச்சப்படக் கூடாதெண்டு கட்டினது!"